எல்லைக்கு அப்பால் இருக்கும் நோய்: கல்லீரல் மாற்று சிகிச்சையும் ‘இணைநோய்’ என்ற கருத்தின் வரலாறும்

மும்பைத் தமிழர் ‘சயான்’ என்று அழைக்கும் இடத்திற்கு மராத்தியில் ‘ஷீவ்’ என்று பெயர். எல்லை என்பது அதன் பொருள். ‘சீமா’ என்ற வடசொல்லே மராத்தியில் ஷீவ் என்றும் தமிழில் சீமை என்றும் திரிந்தது. ஆங்கிலேயரின் பம்பாய்த் தீவும் போர்ச்சுகீசியரின் சால்செட் தீவும் சந்தித்த எல்லை அது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டப்பட்ட சிறு கோட்டை ஒன்று இன்றும் அங்குள்ள குன்றின்மேல் நிற்கிறது. குன்றிலிருந்து சிறிது தொலைவில், தாராவியின் விளிம்பில், லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்டு, 1964இல் மருத்துவக் கல்லூரியையும் பெற்ற இந்த நிறுவனத்தை எவரும் முழுப்பெயரால் சுட்டுவதில்லை. ‘சயான் ஆஸ்பத்திரி’ என்றால் போதும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை மும்பை மண்டலத்தில் யாருக்கு ஒதுக்குவது என்பதை ஒழுங்குபடுத்தும் மண்டல உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு மையமும் இந்த வளாகத்திலிருந்தே செயல்பட்டு வந்துள்ளது.

எல்லை என்று பெயர் கொண்ட இவ்விடத்தை முன்வைத்து, மருத்துவத்தில் வரையப்படும் வேறோர் எல்லையைப் பற்றி எழுத விரும்புகிறேன். கல்லீரல் செயலிழந்த ஒருவர் மாற்று அறுவைக்கு வரும்போது, அவருக்குள்ள நோய்களில் எது கல்லீரலின் நோய், எது ‘மற்ற’ நோய் என்ற கேள்வி எழுகிறது. அந்த மற்ற நோய்களை எடைபோட்டே, அறுவையை அவர் தாங்குவாரா என்று தீர்மானிக்கிறார்கள். இந்த எடைபோடுதலுக்கு ஒரு வரலாறு உண்டு. அது அறுபது ஆண்டுகளில் பலமுறை தன்னைத் திருத்திக்கொண்ட வரலாறு. நான் மருத்துவம் பயின்றவன் அல்லன், மொழியியல் மாணவன். சொற்களின் வழியாகவே இவ்வரலாற்றுக்குள் நுழைந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

‘இணைநோய்’ என்ற சொல்லைத் தமிழ்ப் பொதுவாசகர் பரவலாக அறிந்தது 2020இல்தான். அவ்வாண்டு ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனாத் தொற்று உறுதியானது. அதற்குப் பின்வந்த மாதங்களில் நாளிதழ்கள் இறப்பு எண்ணிக்கையை ‘இணைநோய் உள்ளவர்கள்’, ‘இணைநோய் இல்லாதவர்கள்’ என்று பிரித்துக் காட்டின. மராத்தி ஏடுகள் ‘சஹவ்யாதி’ என்றன. இச்சொற்களின் ஆங்கில மூலம் அப்போதே ஐம்பது ஆண்டு பழையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவரான ஆல்வன் ஃபைன்ஸ்டீன் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை முன்வைத்தார். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட முதன்மை நோய்க்குப் புறம்பாக, அந்த நோயாளியிடம் ஏற்கெனவே இருக்கிற அல்லது நோய்க்காலத்தில் தோன்றக்கூடிய தனித்த நோய் எதுவும் இவ்வகையில் அடங்கும் என்பது அவர் தந்த வரையறையின் சாரம். புற்றுநோய் மருந்துகளின் பயனை ஒப்பிடும் ஆய்வுகள், நோயாளியிடம் இருக்கும் பிற நோய்களைக் கணக்கில் கொள்ளாமல் முடிவு சொல்கின்றன என்பதே அவரது மனக்குறை.

இந்த வரையறைக்குள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கிறது. எது முதன்மை, எது இணை என்பது நோயாளியின் உடலில் எழுதப்பட்டிருப்பதில்லை. பார்க்கிற துறையைப் பொறுத்தே அமைகிறது. சர்க்கரை நோய் மருத்துவருக்குக் கல்லீரல் நோய் இணைநோய். கல்லீரல் மருத்துவருக்குச் சர்க்கரை இணைநோய். உடல் ஒன்றுதான்; எல்லைக்கோடு மட்டும் இடம் மாறுகிறது.

கல்லீரல் மாற்று சிகிச்சை தொடங்கியபோது இந்தச் சொல்லே இல்லை. 1963 மார்ச் 1 அன்று, அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்சல், பித்தநாளம் சரிவர அமையாமல் பிறந்த மூன்று வயதுச் சிறுவனுக்கு மாற்று அறுவை செய்ய முயன்றார். கட்டுக்கடங்காத குருதிப்போக்கால் அச்சிறுவன் அறுவை மேசையிலேயே இறந்தான். ஓராண்டுக்கு மேல் உயிர்வாழ்ந்த நோயாளியை உலகம் காண 1967இல் நடந்த அறுவை வரை காத்திருக்க நேர்ந்தது. அந்நாளில், அறுவையிலிருந்து நோயாளி உயிருடன் எழுவாரா என்பதே பெருங்கேள்வி. அவருக்கு வேறென்ன நோய் இருக்கிறது என்று நுணுகி வகைப்படுத்தும் நிலையைச் சிகிச்சை இன்னும் எட்டவில்லை.

ஆனால் ‘தாங்குவாரா’ என்ற கேள்வி கல்லீரல் அறுவையின் வேறொரு கிளையில் ஏற்கெனவே கேட்கப்பட்டிருந்தது. சிரோசிஸ் முற்றியவர்களுக்குக் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் அழுத்தம் ஏறி, உணவுக்குழாயில் குருதி கசியும். அந்த அழுத்தத்தைத் தணிக்கக் குருதியை வேறு வழியில் திருப்பிவிடும் அறுவை அக்காலத்தில் வழக்கில் இருந்தது. அதற்கு யார் தகுதியானவர் என்று முடிவு செய்ய, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைல்டும் டர்காட்டும் 1964இல் ஓர் அளவுகோலை வகுத்தனர். அதில் ஐந்து கூறுகள் இருந்தன: குருதியில் பிலிருபின், அல்புமின், வயிற்றில் கோத்த நீர், நச்சேற்றத்தால் வரும் மூளைக் குழப்பம், ஊட்டநிலை. கடைசிக் கூறுக்குக் கருவி கிடையாது. நோயாளியின் தோள், தொடை, கன்னம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

1973இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த பக் என்பவரும் அவரது குழுவினரும் அந்த ஐந்தாம் கூறை நீக்கிவிட்டு, குருதி உறையும் நேரத்தை அதனிடத்தில் வைத்தனர். காரணம் எளிது. ஊட்டநிலையை ஒருவர் ‘நன்று’ என்பார், மற்றவர் ‘சுமார்’ என்பார். உறையும் நேரத்தையோ ஆய்வகம் நொடிக்கணக்கில் சொல்லிவிடும். அறிவியல் முறைக்கு இது முன்னேற்றமே. எனினும், உடல் முழுவதையும் ஒருசேரப் பார்த்த ஒரே கூறு அன்று அளவுகோலை விட்டு வெளியேறியது. அது திரும்பி வந்த கதையைப் பிறகு சொல்கிறேன்.

எல்லை எங்கே என்ற கேள்வியைச் சிறுநீரகம் கூர்மையாக்கியது. கல்லீரல் முற்றிலும் கெட்டவர்களுக்குச் சிறுநீரகமும் செயலிழப்பதை மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கண்டுவந்தனர். அது தனி நோயா, கல்லீரல் நோயின் நிழலா? 1969இல் வெளியான ஓர் ஆய்வு வியப்பான விடையைத் தந்தது. கல்லீரல் நோயால் இறந்தவர்களின் ‘செயலிழந்த’ சிறுநீரகங்களை எடுத்துப் பிறருக்குப் பொருத்தியபோது, அவை மீண்டும் இயங்கின. 1973இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது: கல்லீரலை மாற்றியதும் அதே நோயாளியின் சிறுநீரகம் மீண்டது. குற்றம் சிறுநீரகத்தில் இல்லை, அதைச் சூழ்ந்திருந்த உடலின் நிலையில் இருந்தது. ஒரே ஆய்வக எண்ணுக்குப் பின்னால் இரு வேறு வரலாறுகள் இருக்கக்கூடும் என்று இதனால் தெளிவாயிற்று. கல்லீரலால் கெட்ட சிறுநீரகத்தை மாற்று அறுவை காப்பாற்றும். சர்க்கரையாலோ குருதி அழுத்தத்தாலோ பல ஆண்டுகளாகத் தேய்ந்த சிறுநீரகத்தை அது காப்பாற்றாது. அறுவைக்குப் பின் தரும் மருந்துகள் அதை மேலும் தேய்க்கும்.

நுரையீரலும் இதே பாடத்தையே கற்பித்தது. கல்லீரல் நோயாளிகளில் சிலருக்கு நுரையீரலின் நுண்குழாய்கள் விரிந்து, குருதியில் ஆக்சிஜன் குறையும். இப்படி மூச்சு வாங்குபவருக்கு அறுவையா என்று ஒரு காலத்தில் தயங்கினார்கள். கல்லீரலை மாற்றினால் அக்குறை பெரும்பாலும் நீங்குகிறது என்று தெரிந்தபின், அதுவே அறுவையை விரைவுபடுத்தும் காரணமாயிற்று. மாறாக, நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்து சராசரி 50 மி.மீ. பாதரச அளவைத் தாண்டினால், பொதுவாக அறுவை கைவிடப்படுகிறது. இரண்டும் கல்லீரல் நோயின் துணையாக வருபவை. நோயாளி இரண்டையும் ‘மூச்சு வாங்குது’ என்றே சொல்வார். ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது அடைக்கிறது. வேறுபாட்டைக் கண்டுபிடிப்பதே மதிப்பீட்டின் பணி.

1987இல் நியூயார்க்கைச் சேர்ந்த மேரி சார்ல்சனும் உடனாய்வாளர்களும் இணைநோய்களுக்கு எண் கொடுத்தனர். மருத்துவமனையில் சேர்ந்த 559 நோயாளிகளை ஓராண்டு தொடர்ந்து கவனித்து, 19 நோய்களுக்கு 1, 2, 3, 6 என்று எடைகளை வகுத்தனர். மாரடைப்புக்கு 1, முற்றிய கல்லீரல் நோய்க்கு 3, எய்ட்ஸுக்கு 6. இந்த எடைகள் நிலையானவை அல்ல என்பதைக் காலம் காட்டியது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1990களின் நடுவில் வந்தபின் எச்.ஐ.வி. நெடுநாள் வாழக்கூடிய நோயாகியது. 2011இல் எடைகளைத் திருத்தியபோது எய்ட்ஸின் எடை 4 ஆகக் குறைந்தது. சிக்கலற்ற சர்க்கரை நோயின் எடை சுழியமாயிற்று. ஒரு காலத்தில் மாற்று அறுவைக்கு முழுத்தடையாகக் கருதப்பட்ட எச்.ஐ.வி. தொற்று இன்று பல நாடுகளில் அப்படிக் கருதப்படுவதில்லை. ‘இவர் தகுதியற்றவர்’ என்ற தீர்ப்பு, அந்தந்தக் காலத்து மருந்துக்கடையைப் பொறுத்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆயினும் சில எச்சரிக்கைகள் வலுவானவை. 1996இல் வெளியான ஓர் ஆய்வு, இதயத் தமனி நோய் உள்ள 32 பேரின் கல்லீரல் மாற்று அனுபவத்தை ஆராய்ந்தது. மூன்றாண்டுகளுக்குள் அவர்களில் பாதிப்பேர் இறந்திருந்தனர். அதன்பின் இதயப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனைக்கு இணையான இடத்தைப் பெற்றது. சிகிச்சை முறைகள் மேம்பட்டதால் பிற்கால முடிவுகள் இத்துணை இருண்டவையாக இல்லை. 2003இல் வெளிவந்த மற்றொரு பெரிய ஆய்வு, கல்லீரல் மாற்றப்பட்டோரில் ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு வருவதைக் காட்டியது. 2007இல் மிச்சிகன் ஆய்வாளர்கள் சார்ல்சன் பட்டியலைக் கல்லீரல் மாற்றுக்கென்றே சுருக்கி, ஐந்து நோய்களை மட்டும் வைத்துக்கொண்டனர்: இதயத் தமனி நோய், சர்க்கரை, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு, இணைப்புத்திசு நோய், சிறுநீரகக் குறைபாடு.

இதற்கிடையே வரிசையின் தலைவிதி வேறோர் எண்ணின் கைக்குப் போயிருந்தது. அமெரிக்காவில் கல்லீரல் ஒதுக்கீடு, காத்திருந்த காலத்தையும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாரா என்பதையும் பெரிதும் சார்ந்திருந்தது. படுக்கையை மாற்றினால் வரிசை மாறும் என்ற நிலை. 2002 பிப்ரவரி 27 முதல் ‘மெல்ட்’ மதிப்பெண் நடைமுறைக்கு வந்தது. பிலிருபின், குருதி உறைதலைக் காட்டும் ஐ.என்.ஆர்., கிரியேட்டினின் ஆகிய மூன்றையும் கொண்டு, மூன்று மாதங்களுக்குள் இறக்கும் வாய்ப்பை 6 முதல் 40 வரையான எண்ணாக அது சொல்லும். மேயோ கிளினிக்கில் வேறொரு சிகிச்சையின் விளைவைக் கணிக்க உருவாக்கப்பட்ட சூத்திரம் அது. தொடக்கத்தில் அதில் இருந்த ‘நோயின் காரணம்’ என்ற கூறும் பின்னர் நீக்கப்பட்டது. சலுகைக்கு இடமில்லாத நேர்மை அதன் வலிமை.

அந்த நேர்மைக்கு ஒரு விலை உண்டு. யார் முதலில் இறப்பார் என்று மெல்ட் சொல்லும்; அறுவைக்குப் பின் யார் வாழ்வார் என்று சொல்லாது. இதயம், சர்க்கரை, நுரையீரல் குறித்து அது வாய் திறப்பதில்லை. ஓர் இணைநோய் மட்டும் கிரியேட்டினின் என்ற பெயரில் பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்துவிட்டது. சிறுநீரகம் கெட்டவர் வரிசையில் முன்னேறினார்; கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்து மாற்றும் அறுவைகள் அமெரிக்காவில் பெருகின. கிரியேட்டினினோ தசையிலிருந்து வருவது. தசை குறைந்தவருக்குச் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். பெண்கள் இதனால் பின்தள்ளப்பட்டனர். 2021இல் முன்மொழியப்பட்டு 2023இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த திருத்தம், பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தந்ததோடு, அல்புமினையும் மீண்டும் சேர்த்தது. 2017இல் சான் பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் ‘நலிவுக் குறியீடு’ ஒன்றை முன்வைத்தனர். கைப்பிடியின் வலு, நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழுந்து அமரும் வேகம், தடுமாறாமல் நிற்கும் திறன் ஆகிய மூன்றும் அதன் அளவைகள். 1973இல் வெளியேற்றப்பட்ட அந்தக் கண்பார்வை, நாற்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அளவுகருவியோடு திரும்பி வந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் தொடக்கத்தில் மூன்று மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் மட்டுமே பொருந்தியது. அம்மூன்றில் மகாராட்டிரம் ஒன்று. இந்தியாவின் முதல் வெற்றிகரமான கல்லீரல் மாற்று 1998 நவம்பரில் தில்லி அப்போலோ மருத்துவமனையில் நடந்தது. பெற்றவர் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை, கொடுத்தவர் தந்தை. அந்தத் தொடக்கமே இந்தியப் பாதையைக் குறிப்பாகச் சொல்லிவிட்டது. மேலைநாடுகளில் பெரும்பான்மைக் கல்லீரல்கள் மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து வருகின்றன. இந்தியாவில் பெரும்பான்மை உயிருள்ள உறவினரிடமிருந்து வருகின்றன.

இதனால் இணைநோய் மதிப்பீடு இங்கே இரட்டிப்பாகிறது. பெறுபவரின் இதயத்தைப் பார்ப்பதுபோலவே, கொடுப்பவரின் உடலையும் துருவ வேண்டும். கொடுத்தபின் மிஞ்சும் கல்லீரல், முழுமையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதில் கொழுப்பு மிகுந்திருக்கவும் கூடாது. பொது வரிசையில் ஒருவர் தகுதியற்றவர் எனப்பட்டால், அக்கல்லீரல் வேறொருவருக்குப் போய்ச்சேரும். குடும்பத்துக்குள் நடக்கும் கொடையில் தவறான மதிப்பீடு ஒரே வீட்டில் இருவரைப் படுக்கையில் தள்ளக்கூடும்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இந்தியாப் நாடுதழுவிய ஆய்வின்படி, இந்திய வயதுவந்தோரில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோயும், 35.5 விழுக்காட்டினருக்கு உயர் குருதி அழுத்தமும் உள்ளன. அதே ஆண்டில் மதுவால் வராத கொழுப்புக் கல்லீரல் நோயின் பெயரையும் உலக மருத்துவ அமைப்புகள் மாற்றின. ‘மதுவால் அல்லாத’ என்ற எதிர்மறை நீங்கி, ‘வளர்சிதைமாற்றப் பிறழ்வு சார்ந்த’ என்ற நேர்முக விளக்கம் வந்தது. மொழியியல் மாணவனுக்கு இது சிறிய மாற்றமன்று. சர்க்கரை, உடற்பருமன், குருதி அழுத்தம் என இதுவரை ‘இணை’ என்று ஒதுக்கப்பட்டவை, முதன்மை நோயின் பெயருக்குள்ளேயே புகுந்துவிட்டன. எல்லைக்கோடு மீண்டும் இடம் மாறியிருக்கிறது.

தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளைச் சார்ந்த மருத்துவமனைகளில் காசநோயையும் சேர்த்தே எண்ண வேண்டும். உடலில் உறங்கிக்கிடக்கும் காசநோய்க் கிருமி, மாற்று அறுவைக்குப் பின் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளால் விழித்துக்கொள்ளும். அதற்குத் தரும் மருந்துகளில் சில, புதிய கல்லீரலையே தாக்கும். தடுப்பு மருந்தின் அளவையும் குலைக்கும். இளம் வயதில் எப்போதோ ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டதை நோயாளி நினைவுகூர்ந்து சொல்வதில்தான் இதன் மதிப்பீடு தொடங்குகிறது.

இங்கேதான் மொழி குறுக்கிடுகிறது. ‘வேறு ஏதாவது நோய் இருக்கிறதா?’ என்று கேட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் ‘ஒன்றுமில்லை’ என்பார்கள். ‘சுகர் இருக்கா? பிரஷர் இருக்கா?’ என்று கேட்டால், ‘ஆமாம், பத்து வருஷமா இருக்கு’ என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பேச்சுத் தமிழில் சர்க்கரையும் அழுத்தமும் ‘இருப்பவை’. நோய் என்பது ‘வருவது’. படுக்கையில் தள்ளுவதே நோய். உடனிருந்து பழகிவிட்டது நோயாகத் தோன்றுவதில்லை. மருத்துவர் மராத்தியிலோ இந்தியிலோ கேட்க, மகனோ மகளோ தமிழாக்கிச் சொல்ல, பாட்டி ஒரே சொல்லில் விடையளிக்கும் சூழலில், ஃபைன்ஸ்டீனின் வரையறை முழுவதும் ஒரு வினாவுக்குள் தொலைந்துபோக வாய்ப்புண்டு. இரத்தப் பரிசோதனை சர்க்கரையைக் காட்டிவிடும், உண்மை. பழைய காசநோயை, நின்றுபோன மாத்திரையை, மாடிப்படி ஏறும்போது மட்டும் வரும் நெஞ்சடைப்பை, நாட்டுமருந்தை எந்த ஆய்வகமும் தானாகச் சொல்லிவிடாது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோய்வரலாறு கேட்கும் படிவங்களைத் தமிழாக்கும் வாய்ப்பு அமைந்தால், ‘இணைநோய்கள்’ என்று ஒரு கட்டம் போட்டு நிறுத்திவிடாதீர்கள். சொல் நல்ல சொல்தான், ஏடுகளுக்குப் போதும். நோயாளியிடம் கேட்க அது போதாது. ஒவ்வொன்றையும் அவர்கள் வழங்கும் பெயரால் கேட்க வேண்டும்: சுகர், பிரஷர், டிபி, இழுப்பு, நெஞ்சுவலி, கிட்னி. எத்தனை மாடி ஏற முடிகிறது, பிடிமானமில்லாமல் எழுந்திருக்க முடிகிறதா என்றும் கேட்க வேண்டும்.

அறுபது ஆண்டு வரலாற்றில் நான் காண்பது இதுதான். அளக்க முடிந்ததை மருத்துவம் முதலில் நம்பியது. அது பலரைக் காப்பாற்றியது. அளக்க முடியாததென்று ஒதுக்கியதைப் பின்னர் ஒவ்வொன்றாக உள்ளே அழைத்துக்கொண்டது. ஒதுக்கிய காலத்துக்கும் அழைத்த காலத்துக்கும் இடையில் வாழ்ந்தவர்கள் அந்த எல்லையின் விலையைக் கொடுத்தார்கள். கல்லீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் நடுவே நாம் போடும் கோடும் சயானைப் போன்றதே. ஒரு காலத்தில் அது தீவின் முடிவு. இன்று அதைக் கடந்து பல இலட்சம் பேர் நாள்தோறும் போய்வருகிறார்கள், அங்கே ஓர் எல்லை இருந்தது என்ற நினைவே இல்லாமல்.

மருத்துவத் துறை நண்பர்கள் பிழை கண்டால் திருத்துங்கள். நோய்ப்பெயர்கள் உங்கள் ஊர் வழக்கில் எப்படி வழங்குகின்றன என்பதையும் பின்னூட்டத்தில் எழுதினால், தொகுத்துப் பகிர்வேன்.